கடைசலுக்கு எவ்வளவு பங்கு?

உடன்பிறந்தோர் சேர்ந்து நடத்தும் கைத்தொழிலை வைத்து எட்டாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகள்

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். இலாபப் பங்கீட்டுக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குகிறார்கள். முதலாமவர் 30,000 ரூபாய், இரண்டாமவர் 20,000 ரூபாய், மூன்றாமவர் 10,000 ரூபாய் முதல் போடுகிறார்கள். ஆண்டு முடிவில் இலாபம் 36,000 ரூபாய். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? விகிதம் 3:2:1 என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு விடையைச் சொல்லிவிட்டது.

வழக்கமாக வாய் திறக்காத மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

"டீச்சர், ஒருத்தர் பணமே போடல. கடைசல் வேலை மட்டும்தான் பாக்குறாரு. அவருக்கு எவ்வளவு பங்கு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "அது இந்தக் கணக்குல இல்லப்பா, உட்காரு" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

மதிய உணவு நேரத்தில்தான் மற்ற பிள்ளைகள் மூலம் விவரம் தெரிந்தது. அவன் வீட்டுப் பட்டறையில் பதினொரு நாளாக உலை மூட்டவில்லை. தாத்தா இருந்தவரை பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே பட்டறையில் குத்துவிளக்கு செய்து வந்தார்கள். தாத்தா காலமான பிறகு, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு எழுந்து, பேச்சு சண்டையாகி, சண்டை மௌனமாகிவிட்டது. கடைசல் பார்ப்பவர் இவனுடைய அப்பா. அவன் என்னிடம் கேட்டது அவர்கள் வீட்டுக் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நான் உட்காரச் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பரிகாரமாகத் திட்டமிட்டதே இந்த ஐந்து பாடவேளைகள். அந்தக் குடும்பத்தின் சம்மதம் பெற்று, அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றி, இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊரும் விளக்கும்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோவில். அதை ஒட்டிய அரசுப் பள்ளி எங்களுடையது. இவ்வூர்ப் பித்தளைக் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. பூம்புகார் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விளக்கு உற்பத்தி நிலையமும் இங்கு உண்டு. அதற்கு அப்பால், வீட்டை ஒட்டியே இயங்கும் குடும்பப் பட்டறைகள் பல. அவற்றில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்துபவையும் இருக்கின்றன.

குத்துவிளக்கை ஒரே வார்ப்பாக வார்ப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்க்கிறார்கள். பிறகு கடைசல் எந்திரத்தில் கடைந்து, மரை வெட்டி, ஒன்றோடொன்று திருகிப் பொருத்துகிறார்கள். வார்ப்பவர் ஒருவர், கடைபவர் ஒருவர், மெருகேற்றுபவர் ஒருவர் என்று வேலை இயல்பாகவே பிரிந்துவிடுகிறது. உடன்பிறந்தவர்கள் ஒரு தொழிலைச் சேர்ந்து நடத்துவதற்கு இதுவே வசதி. பங்கு பிரிக்கும்போது சிக்கலும் இதிலேதான் தொடங்குகிறது.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள்

குடும்பத் தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவரும்போது நாம் மறக்கக் கூடாத வரலாறு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 1953இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி என்றும், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றும் வகுத்தது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்து, 1954இல் அது கைவிடப்பட்டது. தச்சர் மகன் தச்சராகவே ஆக வேண்டும் என்ற பொருள் தொனிக்கும் எந்தப் பாடமும் நம் வகுப்பறைக்கு ஆகாது.

இன்னொன்று சட்டம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 14 வயது நிரம்பாத குழந்தை குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ மட்டும், அதுவும் அபாயமில்லாத வேலையில் மட்டும். இங்கு குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் அனைவரும் அடங்குவர். உலோக வார்ப்பு அபாயகரமான வேலை. 18 வயது நிறையாத எவரையும் அதில் ஈடுபடுத்தக் கூடாது.

எனவே எனக்கு நானே மூன்று விதிகளை வகுத்துக்கொண்டேன். ஒன்று, இது பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்கான பாடமாக இராமல், உழவர் வீட்டுப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை என அனைவருக்குமான கணக்குப் பாடமாக இருக்க வேண்டும். இரண்டு, எந்த மாணவரிடமும் அவர் வீட்டு வருமானத்தையோ சச்சரவையோ கேட்கக் கூடாது. கணக்குகள் எல்லாம் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றியே இருக்க வேண்டும். மூன்று, பிள்ளைகளை உலைக்கு அழைத்துச் செல்லக் கூடாது. பொருளும் கைவினைஞரும் வகுப்பறைக்கு வர வேண்டும்.

கற்பனைக் குடும்பம் இதுதான். விளக்குப் பட்டறை நடத்திய தந்தையும் தாயும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் நால்வர். மூத்தவர் அக்கா, மணமாகி வெளியூரில் இருக்கிறார். அண்ணன் வார்ப்பு வேலை பார்க்கிறார். நடுத் தம்பி கடைசல் பார்க்கிறார். கடைசித் தம்பி கடைகளுக்குச் சென்று ஆர்டர் பிடித்து, பணம் வசூலித்து வருகிறார்.

முதல் பாடவேளை: விளக்கைக் கழற்றுதல்

ஓய்வுபெற்ற கைவினைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் மூன்றடி விளக்கு ஒன்றை மேசையில் வைத்து, பிள்ளைகளையே கழற்றச் சொன்னார். அன்னம், தட்டு, தண்டு, அடி என ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. திரும்பப் பூட்டும்போது ஒரு மாணவி மரையைக் கோணலாகத் திருகிவிட்டாள். விளக்கு ஆடியது. "பாத்தியாம்மா, நாலு துண்டும் நல்லாத்தான் இருக்கு. மரை சேரலைன்னா விளக்கு நிக்காது" என்றார் பெரியவர்.

பிறகு குழுவுக்கு ஒரு தாள் கொடுத்து, இந்த விளக்கு கடைக்குப் போகும்வரை நடக்கும் வேலைகளையெல்லாம் பட்டியலிடச் சொன்னேன். முதல் பட்டியலில் ஒன்பது வேலைகள் வந்தன. பழைய பித்தளை வாங்குதல், அச்சுக்கு மண் தயாரித்தல், அச்சு கட்டுதல், உருக்குதல், வார்த்தல், கடைதல், மரை வெட்டுதல், மெருகேற்றுதல், விற்றல். "இவ்வளவுதானா? மண்ணைச் சலிப்பது யார்? விளக்கைத் துடைத்துத் தாளில் சுற்றுவது யார்? கணக்கு எழுதுவது, ஆர்டர் போன் வந்தால் எடுப்பது, வேலையாட்களுக்குச் சாப்பாடு போடுவது யார்?" என்று கேட்டேன். பட்டியல் பதினாறாக வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்த ஏழில் பெரும்பாலானவை வீட்டுப் பெண்கள் செய்பவை. அந்த ஏழுக்கும் "கூலி" என்ற கட்டத்தில் பிள்ளைகள் எதையும் எழுதவில்லை. அந்தத் தாள்களை அப்படியே சுவரில் ஒட்டி வைத்தோம்.

இரண்டாம் பாடவேளை: எடைக் கணக்கு

அறிவியல் ஆசிரியரும் நானும் சேர்ந்து நடத்திய வகுப்பு இது. சிறிய பித்தளைத் துண்டு ஒன்றை நிறுத்து, அளவுச் சாடியில் நீரில் மூழ்கவிட்டுக் கன அளவைக் கண்டோம். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. பித்தளைக்குச் சுமார் 8.4 முதல் 8.7 கிராம்/க.செ.மீ. வர வேண்டும். எங்களுக்கு 8.3 வந்தது. ஏன் குறைந்தது என்று பேசியதே பத்து நிமிடம் ஓடியது.

பிறகு கற்பனைப் பட்டறையின் கணக்கு. அண்ணன் 40 கிலோ பித்தளையை உருக்கி வார்த்தார். முடிந்த விளக்குகளின் எடை 30 கிலோ. மீதி 10 கிலோ எங்கே?

வகுப்பில் உடனே எழுந்த பதில், "கடைசல்காரர் எடுத்துக்கிட்டாரு!" எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசை மாணவன் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, நிறுத்துப் பார்ப்போம்" என்று விவரத்தை எழுதினேன்.

கடைசலில் விழுந்த சீவல்: 5.6 கிலோ
வார்ப்பு வழியில் உறைந்து, வெட்டி எடுத்த துண்டுகள்: 3.2 கிலோ
முடிந்த விளக்குகள்: 30 கிலோ
மொத்தம்: 38.8 கிலோ

இன்னும் 1.2 கிலோ குறைகிறது. அதாவது 3 சதவீதம். இதை யார் எடுத்தார்?

இங்கே அறிவியல் ஆசிரியர் பேசினார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பு உருகும் வெப்பநிலை 1085 டிகிரி செல்சியஸ். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பித்தளையை உருக்க ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் துத்தநாகம் ஆவியாகிப் போகிறது. அது காற்றில் கலந்து துத்தநாக ஆக்சைடாக மாறுவதுதான் உலைக்கு மேலே எழும் வெண்புகை. கசடாகவும் கொஞ்சம் போகும். ஆக, அந்த 1.2 கிலோவை யாரும் எடுக்கவில்லை. அது புகையாகவும் கசடாகவும் போய்விட்டது. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்க்காய்ச்சல் வரும் என்பதையும் அவர் சொன்னார். பிள்ளைகள் உலைப்பக்கம் போகக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சீவல் 5.6 கிலோ என்பதும் சாதாரணமல்ல. கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய். அதை நிறுக்காமல் மூட்டையில் கொட்டி வைத்தால், அண்ணனின் பார்வையில் 10 கிலோ காணவில்லை. தம்பியின் பார்வையில் தன் மேல் வீண்பழி. உண்மையில் காணாமற்போனது ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். அன்று பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், ஒரு நாள் வேலைக்கான எடைப் பதிவேட்டுக்குக் கட்டம் போடுவது. உலைக்குப் போன எடை, கடைசலுக்குப் போன எடை, திரும்பிய சீவல், முடிந்த பொருள், சேதாரம், இருவர் கையொப்பம்.

மூன்றாம் பாடவேளை: கூலி வேறு, பங்கு வேறு

இதுதான் மையப் பாடம். கற்பனைப் பட்டறையில் ஒரு மாத விற்பனை 1,80,000 ரூபாய். உலோகம், கரி, மின்சாரம் உள்ளிட்ட செலவு 1,08,000 ரூபாய். மீதி 72,000 ரூபாய். இதை எப்படிப் பிரிப்பது?

முதலில் பிள்ளைகள் சொன்ன வழி, அண்ணன் தம்பி மூவருக்கும் சமமாக ஆளுக்கு 24,000. "அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அவங்கதான் கட்டிக் கொடுத்தாச்சே" என்று ஒரு குரல். அதை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொண்டோம்.

சமமாகப் பிரித்தால் மாதம் 24 நாள் எந்திரத்தில் நிற்பவருக்கும் 10 நாள் வெளியூர் போய் வருபவருக்கும் ஒரே தொகை. அது நியாயமா என்று விவாதம் எழுந்தது. அப்போது கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் "கூலி" என்றும் மறுபக்கம் "பங்கு" என்றும் எழுதினேன். கூலி என்பது உழைப்புக்கு உரியது, உழைத்தவருக்கே போகும். பங்கு என்பது இடம், உலை, எந்திரம், தந்தை சேர்த்த பெயர் ஆகியவற்றுக்கு உரியது, உரிமையுள்ள எல்லோருக்கும் போகும். இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பிரிப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

கூலிக் கணக்கு:

வார்ப்பு, 12 நாள், நாளுக்கு 900 ரூபாய்: 10,800
கடைசல், 24 நாள், நாளுக்கு 800 ரூபாய்: 19,200
விற்பனை, 10 நாள், நாளுக்கு 700 ரூபாய்: 7,000
மெருகேற்றல் (வீட்டுப் பெண்கள்), 20 நாள், நாளுக்கு 500 ரூபாய்: 10,000
மொத்தக் கூலி: 47,000

மீதி 25,000. இதில் 20 சதவீதம், அதாவது 5,000 ரூபாய், எந்திரப் பழுதுக்கான சேமிப்பு. எஞ்சிய 20,000 ரூபாய்தான் பிரிக்க வேண்டிய பங்கு. உடன்பிறந்தவர் நால்வருக்கும் சமமாக என்றால் ஆளுக்கு 5,000 ரூபாய். கடைசல் பார்ப்பவருக்குக் கூலி 19,200, பங்கு 5,000, ஆக 24,200 ரூபாய். எல்லாத் தொகைகளையும் கூட்டி 72,000 வருகிறதா என்று பிள்ளைகள் சரிபார்த்தார்கள்.

சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், தேய்க்கிறதுக்கு மட்டும் ஏன் 500?"

அந்த 500ஐ எழுதியது நான்தான். யோசிக்காமல் எழுதியிருந்தேன். பெண்கள் வேலை என்றதும் கை தானாகக் குறைத்து எழுதியிருக்கிறது. அதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். "சரி, 700 என்று மாற்றிக் கணக்கைப் போடுங்கள்" என்றேன். மெருகேற்றல் 14,000. மொத்தக் கூலி 51,000. மீதி 21,000. சேமிப்பு 4,200. எஞ்சியது 16,800. ஆளுக்கு 4,200. நால்வர் பங்கிலும் தலைக்கு 800 ரூபாய்தான் குறைகிறது. இந்த 800 ரூபாய் வித்தியாசத்துக்காகவா அத்தனை வீடுகளில் அத்தனை பேரின் வேலை கணக்கிலேயே வராமல் இருக்கிறது என்று அன்று மாலை நெடுநேரம் யோசித்தேன்.

நான்காம் பாடவேளை: இருப்பவரும் போகிறவரும்

சமூக அறிவியல் பாடவேளையை இதற்குக் கேட்டு வாங்கினேன். மூன்று கேள்விகள்.

முதலாவது, எழுதி வைக்காவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932 தெளிவாகவே சொல்கிறது. கூட்டாளிகள் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது, இலாப நட்டம் சமமாகப் பிரியும். தொழிலில் உழைத்ததற்காக எந்தக் கூட்டாளியும் தனி ஊதியம் கேட்க முடியாது. கூட்டாண்மை என்பதே ஒப்பந்தத்தால் வருவது. ஒரே வீட்டில் பிறந்து, குடும்பத் தொழிலில் இருப்பதால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. ஆகவே கடைசலுக்குத் தனிக் கூலி வேண்டுமென்றால், அதை முன்கூட்டியே பேசி எழுதியிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்த்தேன். அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, அக்காவுக்குப் பங்கு உண்டா? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. அதற்குச் சில வரம்புகள் இருந்தன. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல் வந்தது. பிற சமயத்தவருக்கு வேறு சட்டங்கள் உண்டு என்பதையும், நாம் வகுப்பில் பேசுவது சட்ட ஆலோசனை ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். "கட்டிக் கொடுத்தாச்சே" என்று சொன்ன மாணவன், "அப்ப எங்க அத்தைக்கும் உண்டா டீச்சர்?" என்று கேட்டான். "வீட்டுல கேட்டுப் பாரு, ஆனா சண்டை போடாதே" என்றேன்.

மூன்றாவது, ஒருவர் தொழிலை விட்டுப் போக விரும்பினால்? கடைசித் தம்பி வேறு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொண்டோம். அவருக்குக் கூலி இல்லை, ஆனால் பங்கு தொடரும். அல்லது மதிப்புப் போட்டு அவர் பங்கை மற்றவர்கள் தவணையில் கொடுத்துவிடலாம். தந்தையின் பெயரில் உள்ள முத்திரையை அவர் வேறு கடையில் பயன்படுத்தலாமா? ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு காப்பு இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தி செய்பவர்கள் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகத் தனித்தனியே பதிந்துகொள்ளலாம். வீட்டுப் பெயருக்கோ அவர்களே விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியை அழுத்திப் பேசியதற்குக் காரணம் உண்டு. பிறந்த வீட்டுத் தொழிலில் இருந்தே தீர வேண்டும் என்பதும் அநியாயம், போனால் ஒன்றும் கிடையாது என்பதும் அநியாயம். போகும் வழி கௌரவமாகத் திறந்திருந்தால்தான் இருப்பவர்கள் விரும்பி இருப்பார்கள். படித்து வேறு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கும் அதுவே நிம்மதி.

ஐந்தாம் பாடவேளை: ஒப்பந்தம் எழுதுதல்

தமிழாசிரியரின் உதவியோடு, நால்வர் கொண்ட குழுக்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசி, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதின. கட்டாயம் இடம்பெற வேண்டியவை என்று ஏழு தலைப்புகளைக் கொடுத்தேன்.

1. யார் என்ன வேலை, நாட்கூலி எவ்வளவு
2. எடைப் பதிவேட்டை யார் எழுதுவார், யார் சரிபார்ப்பார்
3. பங்கு எத்தனை பேருக்கு, எந்த விகிதத்தில்
4. பழுதுக்கும் மருத்துவச் செலவுக்கும் சேமிப்பு எவ்வளவு
5. கடன் வாங்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும்
6. விலகுபவருக்கு என்ன, எப்போது, எப்படி
7. பெயரும் முத்திரையும் யாருக்கு

"அன்போடு நடந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு குழு முதல் விதியாக எழுதியது. தமிழாசிரியர், "நல்ல விதிதான். ஆனா மீறினா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். யோசித்து, "மாதம் முதல் ஞாயிறு நால்வரும் சேர்ந்து கணக்கு பார்க்க வேண்டும், அன்று மதியம் சாப்பாடு அண்ணன் வீட்டில்" என்று திருத்தினார்கள். அந்த ஐந்து நாளில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டுக்கு, எண்களை மாற்றிய ஒரு கூலி, பங்குக் கணக்கும், "எடை குறைந்ததற்குத் தம்பிமேல் பழி சொல்லும் அண்ணனுக்கு ஒரு கடிதம்" என்ற எழுத்துப் பயிற்சியும் கொடுத்தோம். சதவீதத்தில் தடுமாறும் பிள்ளைகள்கூட 3 சதவீதச் சேதாரத்தைச் சரியாகப் போட்டிருந்தார்கள். கணக்கில் ஒரு மனிதர்மேல் பழி தொங்கிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் விடையை இரண்டு முறை சரிபார்க்கிறார்கள்.

பிறகு நடந்தது

மூன்று வாரம் கழித்து, அந்த மாணவனின் பெரியப்பா பள்ளிக்கு வந்தார். கோபமாக வந்திருக்கிறாரோ என்று பயந்தேன். கையில் தம்பி மகனுடைய கணக்கு நோட்டு இருந்தது. எடைப் பதிவேட்டுக் கட்டத்தைக் காட்டி, "இது நீங்க போட்டுக் கொடுத்ததாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, அவனே போட்டது" என்றேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா மனசுலயே கணக்கு வச்சிருந்தாரு. அவர் இருந்த வரைக்கும் யாரும் கேக்கல" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அத்தையை வரவழைத்துப் பேசினார்கள். சித்தப்பா விலகி, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் பங்கைத் தவணையில் கொடுப்பதாக எழுதிக்கொண்டார்கள். அத்தையின் பங்கு பற்றி இன்னும் முடிவாகவில்லை. பெரியப்பாவும் அப்பாவும் மீண்டும் உலை மூட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு தராசும், ஆணியில் தொங்கும் ஒரு நோட்டும் புதிதாக வந்திருக்கின்றன. மாலையில் அந்த நோட்டைக் கூட்டிப் பார்ப்பது அவனுடைய வேலை. உலைப்பக்கம் அவனை விடுவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போகப்போவதாக ஒரு நாள் சொன்னான், மறு வாரம் வங்கி வேலை என்றான். அவன் தீர்மானிக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

உங்கள் ஊரில்

இந்தப் பாடத்துக்கு விளக்குதான் வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்ய, தறியில் அமர்பவருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் வேண்டும். அந்த உதவியாளின் கூலியிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். பத்தமடையில் கோரையைக் கிழித்துச் சீராக்குபவருக்கும் பாய் நெய்பவருக்கும் இடையே பங்கிடலாம். மானாமதுரை மண்பாண்டத்தில் கன அளவும் சூளையில் உடையும் சதவீதமும், பவானி ஜமுக்காளத்தில் பரப்பளவும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் புவியீர்ப்பு மையமும் இருக்கின்றன. கைத்தொழிலே இல்லாத ஊரில் அண்ணன் தம்பிகள் நடத்தும் டீக்கடையோ, அக்கா தங்கைகள் நடத்தும் தையல் கடையோ போதும். எங்கும் கேள்வி ஒன்றுதான்: எது கூலி, எது பங்கு, எது எழுதப்பட்டிருக்கிறது?

இந்த ஆண்டு அதே பங்கீட்டுக் கணக்கை மீண்டும் எட்டாம் வகுப்பில் எழுதினேன். 3:2:1 என்று விடை வந்ததும், "இதில் ஒருவர் பணம் போடாமல் கடைசல் வேலை மட்டும் பார்த்தால்?" என்று நானே கேட்டேன். வகுப்பு சற்று அமைதியானது. பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "அவங்க முதல்ல என்ன பேசி வச்சாங்க டீச்சர்?"

சரியான விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கற்றுக்கொடுத்தவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். நம் கணக்கில் இல்லாத கேள்வியோடு ஒரு பிள்ளை எழுந்து நின்றால், உட்காரச் சொல்வதற்கு முன் இன்னும் ஒரு நிமிடம் நிற்க விடுவோம்.